வேகன்கள் தாமாகக் கோத்துக்கொள்வது எப்படி? தானியங்கி கப்ளர் பற்றிய முழுமையான வழிகாட்டி

என் அப்பாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருந்தன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் கூண்டு தள்ளும் வேலை அவருக்கு. பழக்குலை நிரப்பிய இரும்புக் கூண்டுகள் சின்னத் தண்டவாளத்தில் வரிசையாக நிற்கும். அவற்றைக் கொக்கி போட்டுக் கோத்து, குலைகளை ஆவியில் வேகவைக்கும் நீண்ட உருளைக்குள் இழுத்துவிட வேண்டும். ஒருநாள் அவர் கொக்கியை வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற கூண்டு நகர்ந்துவிட்டது.

பிறகு நானும் ஆலைப் பட்டறையில் ஃபிட்டரானேன். ஓய்வு நாளில் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் போய் உட்காருவேன். பாடாங் பெசாருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே கொள்கலன் வண்டிகள் போகும், சிமெண்ட் வண்டிகள் போகும். ஒவ்வொரு வேகனும் எங்கள் கூண்டைப்போலப் பல மடங்கு கனம். ஆனால் அவற்றைக் கோக்க யாரும் நடுவில் கை நீட்டுவதில்லை. வண்டி வந்து மெதுவாக முட்டும், 'டக்' என்று ஒரு சத்தம், கோத்துக்கொண்டது. வேகன் முனையில் இருந்து இப்படிக் கோக்கும் கருவிதான் கப்ளர். ஈப்போ யார்டில் ஷண்டிங், அதாவது வேகன்களைச் சேர்த்துப் பிரிக்கும் வேலை பார்த்த என் சின்ன மாமாவிடம் இதைத் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும், மரத்தில் செய்து பார்த்துப் புரிந்துகொண்டதும் இங்கே இருக்கின்றன. கடைசியில் மர மாதிரி செய்யும் முறையும் உண்டு. எந்திரம் படிக்காதவருக்கும் புரிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முன்பு என்ன இருந்தது

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஒரு வளையமும் ஓர் ஆணியும்தான் வேகன்களைச் சேர்த்தன. ஒரு வேகனின் இரும்புக் குழிக்குள் நீள வளையத்தைச் செருகி, மேலிருந்து ஆணியை இறக்குவார்கள். அடுத்த வேகன் நெருங்கும்போது, ஓர் ஆள் இரண்டுக்கும் நடுவில் நின்று வளையத்தை நிமிர்த்திப் பிடித்து எதிர்க்குழிக்குள் வழிகாட்ட வேண்டும். கையைக் கடைசி நொடியில் எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாமல் போனவர்கள் ஏராளம். விரல் இல்லாத கையைப் பார்த்தாலே ரயில்வே ஆள் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை அங்கே இருந்தது.

இதற்கு வழி கண்டவர் ஈலாய் ஜேனி. வெர்ஜீனியாவில் துணிமணிக் கடையில் எழுத்தராக இருந்தவர்; ரயில்வேக்காரர் அல்ல. கத்தியால் மரத்தைச் செதுக்கி மாதிரி செய்து பார்த்து, 1873இல் காப்புரிமை வாங்கினார். 1887இல் அமெரிக்க வேகன் கட்டுநர் சங்கம் அதையே தரமாக ஏற்றது. கோத்துக்கொள்ளும் வளைவின் வடிவத்துக்கான உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததால், எந்தப் பட்டறையில் வார்த்த கப்ளரும் இன்னொரு பட்டறையின் கப்ளரோடு சேர்ந்தது. என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பில் பாதிப் பெருமை இந்த விட்டுக்கொடுப்புக்குத்தான்.

ஆனாலும் ரயில்வே கம்பெனிகள் செலவைப் பார்த்துத் தயங்கின. அயோவாவைச் சேர்ந்த லோரென்சோ காஃபின் என்ற விவசாயி, விரலிழந்த பிரேக் தொழிலாளர்களுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார், ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார். 1893 மார்ச் 2ஆம் தேதி அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட சட்டம், ஆள் நடுவில் போகாமலேயே மோதும்போது தானாகக் கோத்துக்கொள்ளும் கப்ளரைக் கட்டாயமாக்கியது. 1900இலிருந்து அது முழுதாக நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, சுமார் 13 கிலோமீட்டர் தூரம். தண்டவாள அகலம் அன்றும் இன்றும் 1 மீட்டர்தான். இன்று சுங்கை சிப்புட்டைக் கடக்கும் சரக்கு வேகன்களின் முனையில் நீங்கள் பார்ப்பது, ஜேனியின் வழியில் வந்த நக்கிள் கப்ளர்.

முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள்

இரண்டு கைகளின் நான்கு விரல்களையும் கொக்கிபோல் மடக்குங்கள். ஒரு உள்ளங்கை உங்கள் நெஞ்சைப் பார்க்கட்டும், மற்றது வெளியே பார்க்கட்டும். இப்போது விரல்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இழுங்கள். எவ்வளவு இழுத்தாலும், விரல்கள் மடங்கியிருக்கும்வரை கழலாது. ஒரு கையின் விரல்களை நீட்டினால் போதும், உடனே கழன்றுவிடும்.

கப்ளரும் இதுதான். மடங்கிய விரல்களின் இடத்தில் நக்கிள் என்ற இரும்புத் துண்டு இருக்கிறது. விரல் முட்டி என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். நக்கிள் மடங்கியபடியே இருக்க ஒரு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டைப் புரிந்துகொண்டால் முழு கப்ளரும் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. இரண்டு முனையும் ஒரே வடிவம். வேகனை முன்பின்னாகத் திருப்பி நிறுத்தினாலும் சேரும்.

உள்ளே இருக்கும் உறுப்புகள்

வெளியே தெரிவது தலை. ஒரு பக்கம் நக்கிள், மறுபக்கம் அசையாத வார்ப்பு எஃகுக் கை ஒன்று. வரும் கப்ளரைச் சரியான இடத்துக்கு வழிகாட்டுவது அந்தக் கையின் வேலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது வாய். தலைக்குப் பின்னால் நீளும் தண்டு வேகனின் அடிச்சட்டத்துக்குள் போகிறது.

நக்கிளைக் கவனமாகப் பாருங்கள். அது 'எல்' வடிவம். ஒரு கை முன்பக்கமாக வளைந்து நிற்கும் மூக்கு. மறு கை தலைக்குள் மறைந்திருக்கும் வால். இரண்டும் சேரும் மூலையில் ஒரு செங்குத்து ஊசி. அந்த ஊசியை அச்சாக வைத்து நக்கிள் கதவுபோல் திரும்புகிறது. வண்டியின் முழு இழுப்பும் அந்த ஊசியில் விழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நக்கிளிலும் தலையிலும் ஒன்றோடொன்று பொருந்தும் தடித்த மேடுகள் உண்டு, சுமை அவற்றில்தான் ஏறுகிறது. ஊசி நக்கிளை இடத்தில் வைத்திருக்கிறது, அவ்வளவே.

அடுத்து பூட்டுக்கட்டை. தலைக்குள் மேலும் கீழும் நகரும் கனமான இரும்புக் கட்டி. ஸ்பிரிங் கிடையாது, மின்சாரம் கிடையாது. தன் கனத்தாலேயே கீழே விழுகிறது. அதைத் தூக்க ஒரு தூக்கி, நக்கிளின் வாலைத் தட்டித் திறக்க ஓர் உதைகட்டை, தூக்கியை வேகனின் ஓரத்திலிருந்தே இயக்க ஒரு நீளக் கம்பி. கம்பியின் கைப்பிடி வேகனின் பக்கவாட்டில் இருக்கும், தண்டவாளத்துக்கு வெளியே நின்றபடியே எட்டலாம்.

கோக்கும் விதம், படிப்படியாக

ஷண்டிங் ஆள் முதலில் நக்கிள்களைப் பார்ப்பார். இரண்டில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டும் மூடியிருந்தால் மூக்கோடு மூக்கு மோதித் திரும்பும், கோக்காது. வளைவில் நிற்கும் வேகன்கள் என்றால் தலைகள் நேராகப் பார்க்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். தலையைத் திருப்ப வேண்டுமானால் வண்டியை முதலில் நிறுத்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஓடும் வண்டிக்கு முன்னால் காலால் உதைத்துச் சரிசெய்யப் போய்க் காலை இழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

பிறகு எஞ்சின் நடை வேகத்தில் நெருங்குகிறது. மணிக்கு 6 கிலோமீட்டருக்கு மேல் போனால் சரக்கும் கப்ளரும் அடிவாங்கும்.

இப்போது தலைக்குள் நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். நக்கிள் திறந்திருக்கும்போது மூக்கு முன்னோக்கி விரிந்திருக்கிறது, வால் வாய்க்குக் குறுக்கே கிடக்கிறது. பூட்டுக்கட்டை கீழே இறங்க முடியாமல் அந்த வாலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எதிர்க் கப்ளரின் மூக்கு வாய்க்குள் நுழைந்து வாலை உள்ளே தள்ளுகிறது. வால் உள்ளே போகப் போக, மறு கையான மூக்கு சுற்றி வந்து, வந்தவரின் மூக்குக்குப் பின்னால் வளைந்துகொள்கிறது. உள்ளே நுழைந்ததே வாயை மூடவைக்கிறது!

வால் பூட்டுக்கட்டைக்கு அடியிலிருந்து முழுதாக விலகும் நொடியில், பிடிமானம் போன கட்டை தன் கனத்தால் 'டக்' என்று கீழே விழுகிறது. விழுந்த இடம் வாலுக்கும் தலையின் உட்சுவருக்கும் நடுவில். இனி வண்டி இழுக்கும்போது மூக்கு திறக்கப் பார்க்கும், வால் திரும்பி வரப் பார்க்கும், ஆனால் கட்டை குறுக்கே நிற்கிறது. வால் கட்டையை அழுத்துகிறது, கட்டை சுவரை அழுத்துகிறது. இழுப்பு கூடக் கூடக் கட்டை இன்னும் இறுகுகிறது. நான் இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று தூக்கம் வரவில்லை. ஒரு இரும்புக் கட்டி கீழே விழுகிறது, அந்த ஒன்றை நம்பி ஆயிரக்கணக்கான டன் போகிறது.

கட்டை முழுதாக விழுந்ததா என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. தலையின் அடிப்பக்கம் கட்டையின் கால் தெரிய வேண்டிய இடத்தில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் எஞ்சினை மெதுவாக எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்வார்கள். இழுத்தும் பிரியவில்லை என்றால் சரி. "சத்தத்தை நம்பாதே, இழுப்பை நம்பு" என்பார் சின்ன மாமா.

ஓட்டத்தில் அதிரும்போது கட்டை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடாதா? இந்தக் கேள்வியை என்னிடம் ஒரு பள்ளி மாணவி கேட்டாள், மிக நல்ல கேள்வி. அதற்காகவே தூக்கியில் ஒரு சிறு பல் இருக்கிறது. கட்டை தானாக மேலே எழுந்தால் அந்தப் பல் தலையின் உள்விளிம்பில் இடித்து நிற்கும். கைப்பிடிக் கம்பியைத் திருப்பினால் மட்டும் பல் விலகி வழிவிடும்.

காற்றுக்குழாய்

இந்தக் கப்ளர் வேகன்களை மட்டும்தான் தானாகக் கோக்கும். பிரேக்குக்கான காற்றுக்குழாயை ஆள்தான் மாட்ட வேண்டும். அதனால் நடுவில் போகும் வேலை முழுதாக ஒழியவில்லை. ஆனால் நகரும் வண்டிக்கு நடுவில் போகும் வேலை ஒழிந்தது. வண்டி நின்று, ஓட்டுநருக்குத் தகவல் சொல்லி, அவர் 'சரி' என்ற பிறகே உள்ளே போக வேண்டும். இரண்டு ரப்பர் குழாய்களின் முனைகளைக் கோத்து, இருபுறக் குழாய் அடைப்பான்களையும் திறந்தால், காற்று கடைசி வேகன் வரை போகிறது.

ஓட்டத்தில் கப்ளர் அறுந்தால் குழாயும் பிய்த்துக்கொண்டு போகும், காற்று வெளியேறும். காற்றழுத்தம் குறைந்தாலே பிரேக் பிடிக்கும்படி அமைத்திருப்பதால் அறுந்த இரண்டு துண்டுகளும் தாமாக நின்றுவிடும்.

கழற்றும் விதம்

இழுபட்டு நிற்கும் கப்ளரில் கட்டை இறுகியிருக்கும், தூக்க வராது. ஆகவே எஞ்சினை முதலில் சற்றுப் பின்னால் தள்ளி இணைப்பைத் தளர்த்த வேண்டும். காற்றுக்குழாய் அடைப்பான்களை மூட வேண்டும். விட்டுச்செல்லும் வேகன்களுக்குக் கைப்பிரேக் போட்டாக வேண்டும். இதை மறந்தால் சரிவில் அவை தாமே கிளம்பிவிடும்.

பிறகு ஓரத்தில் நின்றபடி கைப்பிடியைத் தூக்குங்கள். தூக்கி கட்டையை மேலே எடுக்கிறது. கைப்பிடியை விட்டாலும் கட்டை கீழே விழாது, அதன் கால் உதைகட்டையின் மேல் தங்கி நிற்கும். இதுதான் இடைநிலை. எஞ்சின் இப்போது விலகினால், எதிர் மூக்கு நக்கிளை இழுத்துத் திறந்துகொண்டு வெளியேறும். பிரிந்து நிற்கும் வேகனின் கைப்பிடியை இன்னும் முழு உயரத்துக்குத் தூக்கினால், உதைகட்டை வாலைத் தட்டி நக்கிளை விரித்துவிடும். அடுத்த கோப்புக்கு வாய் தயார்.

ஆக மூன்று நிலைகள்: பூட்டியது, பூட்டு எழுந்து நிற்பது, திறந்தது.

வரிசையாகக் கேட்கும் சத்தம்

நின்ற சரக்கு வண்டி கிளம்பும்போது எஞ்சினிலிருந்து கடைசி வேகன் வரை 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் ஓடும். நக்கிள்களுக்கு இடையே சிறிது இடைவெளி உண்டு. அதோடு தண்டின் பின்னால் டிராஃப்ட் கியர் என்ற அதிர்வு தாங்கி இருக்கிறது. ஆப்புகள் உராய்ந்தோ ரப்பர் அமுங்கியோ மோதலின் வேகத்தை அது உள்வாங்கும். அமெரிக்கத் தரத்தில் இது சுமார் 8 சென்டிமீட்டர் அமுங்கும்.

இந்தத் தளர்ச்சியால் எஞ்சின் எல்லா வேகன்களையும் ஒரே நேரத்தில் அசைக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எழுப்பலாம். கெடுதலும் உண்டு. ஓட்டுநர் அவசரப்பட்டு இழுத்தால், ஏற்கெனவே ஓடத் தொடங்கிய முன்பகுதி, நிற்கும் பின்பகுதியை வெடுக்கென்று இழுக்கும். நக்கிள் உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

உடைவதானால் நக்கிள்தான் முதலில் உடைய வேண்டும் என்றே அதை வடிவமைக்கிறார்கள். தலையோ அடிச்சட்டமோ உடைந்தால் வேகன் பட்டறைக்குப் போக வேண்டும். நக்கிளை நின்ற இடத்திலேயே மாற்றலாம். அமெரிக்கத் தர நக்கிள் ஒன்று 35 கிலோவுக்கு மேல் கனக்கும். வண்டியை நகராமல் நிறுத்தி, இரு துண்டுகளையும் போதிய தூரம் பிரித்து, கட்டையைத் தூக்கி, ஊசியை உருவி, உடைந்ததை எடுத்துப் புதியதை வாலோடு உள்ளே செருகி, ஊசியை இறக்க வேண்டும். கையால் மூடித் திறந்து கட்டை ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பலவீனம் உயரம். சாதாரண நக்கிள்கள் மேலும் கீழும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். சுமையேற்றிய வேகனும் வெறும் வேகனும் வேறு உயரத்தில் நிற்பதால் இந்த வழுக்கல் தேவைதான். ஆனால் விபத்தில் ஒரு தலை மேலேறி அடுத்த வேகனைக் குத்தும். எரிவாயு வேகன்களில் அப்படி நடந்த பெருந்தீ விபத்துகளுக்குப் பிறகு, 1970களில் அமெரிக்கா அபாயச் சரக்கு ஏற்றும் டாங்கர் வேகன்களில், தலைக்கு மேலும் கீழும் தட்டு வைத்த கப்ளர்களைக் கட்டாயமாக்கியது.

மற்ற நாடுகள்

சோவியத் நாடு எஸ்ஏ-3 என்ற வேறு வகையை எடுத்துக்கொண்டு, 1930களில் தொடங்கி 1957இல் மாற்றத்தை முடித்தது. அதில் திரும்பும் நக்கிள் இல்லை, அசையாத பற்களும் உள்ளே நகரும் பூட்டும்தான். ஐரோப்பாவின் பெரும்பாலான சரக்கு வேகன்களில் இன்றும் ஆள் குனிந்து நடுவே போய்த் திருகுச் சங்கிலியை மாட்டுகிறார்.

ஜப்பான் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்புதான். மாற்றும் காலத்தில் பழையதும் புதியதும் கலந்து ஓடினால் ஒன்றோடு ஒன்று சேராது. அதனால் ஆண்டுக்கணக்காகத் தயார் செய்து, புதிய கப்ளர்களை வேகன்களின் அடியிலேயே தொங்கவிட்டு, 1925 ஜூலை 17ஆம் தேதி ஒரே நாளில் ஹொன்ஷு தீவின் சரக்கு வேகன்களை மாற்றினார்கள். மூன்று நாள் கழித்து கியூஷு.

மரத்தில் செய்து பாருங்கள்

12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். அடிப்பலகை 20 சென்டிமீட்டர் சதுரம். அதே அளவில் மேலே மூட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தகடு. நக்கிளை 'எல்' வடிவில் வெட்டுங்கள்: மூக்குக் கை 8 சென்டிமீட்டர் நீளம், 3 அகலம். வாலும் 8 நீளம், ஆனால் 5 அகலம். நான் முதலில் வாலையும் 3 அகலத்துக்கே வெட்டினேன். திறந்தபோது வால் துளையைத் தாண்டிப் போய், பூட்டு அதன் தவறான பக்கத்தில் விழுந்து, நக்கிள் மூடவே முடியாமல் நின்றது.

அடிப்பலகையின் முன் விளிம்பு உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வலது மூலைக்கு அருகே போல்ட் போட்டு நக்கிளை மாட்டுங்கள், தாராளமாகத் திரும்ப வேண்டும். மூக்கு இடப்பக்கம் பார்க்க, வால் உங்களை நோக்கி நீள நிற்பதுதான் மூடிய நிலை. அதற்கு மேல் திரும்பாதபடி வாலின் வலப்புறம் ஓர் ஆணி அடியுங்கள். இப்போது வாலின் இட விளிம்பை ஒட்டி, நுனிக்குச் சற்று முன்னே, தடித்த போல்ட் ஒன்று சுலபமாக இறங்கும் அளவுக்கு அடிப்பலகையில் துளை போடுங்கள். நக்கிளைச் சற்றுத் திறந்து, வால் துளையை மூடியிருக்கும் நிலையிலேயே நிற்கும்படி இடப்புறம் இன்னோர் ஆணி. பின்பக்க ஓரத்தில் நக்கிளைவிடச் சற்று உயரமான மரத்துண்டுகளை வைத்து, மேல்தகட்டைத் திருகுங்கள். கீழ்த்துளைக்கு நேர் மேலே தகட்டிலும் துளை போட்டு, தலையில் நூல் கட்டிய போல்ட்டை அதில் இறக்கினால், அது வாலின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

வேறொரு பலகையில் மூக்கு வடிவம் மட்டும் வெட்டி, முன்னாலிருந்து தள்ளி வாலை முட்டுங்கள். வால் விலகும், போல்ட் விழும். இழுத்துப் பாருங்கள், வராது. நூலைத் தூக்குங்கள், வரும். போல்ட் சிக்கினால் துளையை அரத்தால் சற்றுப் பெரிதாக்குங்கள்.

உண்மையானதைப் பார்க்க விரும்பினால் பிளாட்ஃபாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று பாருங்கள், கைப்பேசியில் பெரிதாக்கிப் படமெடுங்கள். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். தலைக்கு மேல் ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. சரக்கு வண்டி இ.டி.எஸ். என்ற மின்சாரப் பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தால் பொறுத்திருங்கள். அது கிளம்பும்போது, முதல் 'டக்' எஞ்சின் பக்கம் கேட்கும். கடைசி வேகனின் நக்கிளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சத்தம் உங்களை நோக்கி ஓடி வந்து சேரும்வரை அது அசையாமல் நிற்கும்.